எம் ஆறு போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம்

தை 4

என் பெயர் சென்னியப்பன். இதை நானே எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறிய காப்பியும் இன்று நன்றாக இருந்தது.

அங்கன்வாடியில் மத்தியானம் குழந்தைகள் போன பிறகு, எழுத்துப் படிக்கிற பெரியவர்கள் எங்களுக்கு வகுப்பு. குழந்தைகளின் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். முழங்கால் காதுக்கு வந்துவிடும். சுலோச்சனா டீச்சர் சொன்னார்: "தினமும் நடந்ததை எழுதுங்க. ஒண்ணும் நடக்கலீன்னா அதையும் எழுதுங்க."

இன்று ஒன்றும் நடக்கவில்லை. எழுதிவிட்டேன்.

தை 6

நான் நூற்பாலையில் எண்ணெய் விடுகிற வேலை பார்த்தவன். நீள மூக்கு வைத்த கேனை எடுத்துக்கொண்டு மிஷின் மிஷினாகப் போவேன். பஞ்சு எந்நேரமும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். கனவுக்குள் வேலை பார்ப்பதுபோல இருக்கும். காய்ந்த இரும்பைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கை அரிக்கும்.

என் மனைவி பாவாத்தாள். சர்க்கரை வந்து, இரண்டு வருடத்துக்கு முன்பு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மார்கழியில் புதுக் கால் வந்தது. மேலே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் ஒரு பைப், கீழே ஒரு பாதம். பைப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு அலுமினியக் கிளாம்ப். அந்தக் கிளாம்பில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு போல்ட். அவ்வளவுதான் என் மனைவியின் கால்.

அவள் தூங்கும்போது அது கட்டில் ஓரம் தனியாக நிற்கும். யாருக்கோ காத்திருப்பதுபோல இருக்கும்.

தை 9

பாவாத்தாள் கைத்தடி இல்லாமல் கேட் வரைக்கும் நடந்தாள்.

தை 11

காலைச் சரிபார்க்கச் செயற்கைக் கால் மையத்துக்குப் போனோம். அங்கே கால் பொருத்துகிறவள் ரெஜினா. சின்ன வயசு, கையில் எப்போதும் ஒரு திருகுச் சாவி. அவள் போல்ட்டைத் திருகத் திருக, சாவி 'கிளிக்' என்றது. உடனே நிறுத்திவிட்டாள். பல்லி உச்சுக் கொட்டுவதுபோல ஒரு சத்தம்.

சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. ஆங்கில எழுத்து ஒன்றும் எண்களும். அந்த எழுத்து இரண்டு மலை ஒட்டி நிற்பதுபோல இருக்கும். அது எம். டீச்சர் சொல்லித் தந்திருக்கிறார்.

"என்னங்கய்யா, செவுத்தையே பாக்கறீங்க?" என்றாள் ரெஜினா.

"படிக்கறன் அம்மணி. எம் நாலுக்கு மூணு. எம் அஞ்சுக்கு ஆறு. எம் ஆறுக்குப் பத்து."

சத்தமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் பாவாத்தாள். "பஸ்ஸுல ஒரு கடை போர்டு உடல அம்மணி. எல்லாத்தையும் படிச்சுட்டே வந்தாரு. பக்கத்து சீட்டுக்காரரு எந்திரிச்சுப் பொறகால போயிட்டாரு."

ரெஜினா சிரித்தாள். எம் ஆறு என்றால் ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டாம். பாவாத்தாளின் கிளாம்பில் இருப்பது அதுதான். பத்து என்பது பத்து நியூட்டன் மீட்டர்.

"அப்படின்னா?"

"ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் போல்ட்டுல மாட்டி, நுனியில ஒரு கிலோ சக்கரைப் பையைத் தொங்கவிடுங்க. அது எவ்வளவு முறுக்குதோ, ஏறக்கொறைய அவ்வளவு."

"சக்கரைப் பேச்சை எடுக்காதீங்க" என்றாள் பாவாத்தாள்.

கை வலிக்கிற வரை இறுக்கினால் என்ன என்று கேட்டேன். மில்லில் நாங்கள் அப்படித்தான். ரெஜினா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "போல்ட்டு ரப்பர் மாதிரிங்கய்யா. இறுக்கறப்ப மயிரிழை நீளும். திரும்பச் சுருங்கப் பாக்கும். அந்த இழுப்புதான் பைப்பைப் புடிச்சிருக்குது. கொறைவா இருந்தா பைப்பு சுத்தும். ஜாஸ்தியாப் போனா கிளாம்ப்புல இருக்கற மரை புடுங்கிட்டு வந்துரும்."

இரும்பு நீளும் என்று எனக்கு இத்தனை காலம் தெரியாது.

தை 12

நேற்றிலிருந்து அதே நினைவு. மில்லில் எத்தனை மிஷின், ஒவ்வொன்றிலும் எத்தனை போல்ட். அத்தனையும் மயிரிழை நீண்டு, சுருங்கப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கின்றன. நான் கேனோடு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடினால் அவை எல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது.

நியூட்டன் என்பது ஒரு மனிதர் பெயராம். ஒருவர் பெயரே அளவாக ஆகிவிடுகிறது. பாவாத்தாளிடம் கேட்டேன்: "சென்னியப்பன்னு ஒரு அளவு இருந்தா எதை அளக்கலாம்?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'பாத்து, பாத்து'ங்கறீங்களோ, அதை அளக்கலாம்."

தை 16

கொள்ளுப்பருப்பு கடைந்திருந்தாள். பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங், நான் கும்மிக்குப் பேரு குடுத்துட்டேன்."

பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயில் மைதானத்தில் பெண்களின் கும்மி அரங்கேற்றம். எதிர்வீட்டுத் துளசிமணி சேர்ந்திருக்கிறாள். சாயங்காலம் சாயங்காலம் பழக்கிக் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் மாம்பழ மஞ்சளில் ஒரே மாதிரி சேலை.

"உழுந்துட்டீன்னா?"

"உழுந்தா எந்திரிக்கறேன். நீங்க உழுந்ததே இல்லீங்களா?"

"அதுக்கில்ல புள்ள, சுத்திச் சுத்தி வேற ஆடோணும்..."

"ரெண்டு வருசமாக் கட்டல்ல உக்காந்து டிவியப் பாத்துக் கை தட்டீட்டு இருந்தேன். இனி நின்னு தட்டோணும். அவ்வளவுதான்."

நான் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்னும் சில முறை கேட்டேன். அவள் மோரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

தை 20

பழகுவதைப் பார்க்கப் போனேன். வெயில் சாய்ந்து புழுதி பொன்னாக எழும்பியது. பெண்கள் வட்டமாகக் குனிந்து நிமிர்ந்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தால், வட்டம் ஒரு பெரிய பூ மூடித் திறப்பதுபோல இருந்தது. பாவாத்தாள் அரை அடி பிந்தித்தான் வந்தாள். ஆனால் வந்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தையே பார்த்தேன்.

தை 24

இன்று பழகும்போது திரும்பு அடி கற்றுக் கொடுத்தார்கள். பாவாத்தாளின் உடம்பு இந்தப் பக்கம் திரும்பியது. பாதம் திரும்பவில்லை. அது மட்டும் கோயிலைப் பார்த்துக்கொண்டு நின்றது. துளசிமணி, "அக்கா, உங்க காலு மட்டும் சாமி கும்புடுது" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். பாவாத்தாளும் சிரித்துக்கொண்டேதான் எனக்குச் சொன்னாள்.

கிளாம்ப் தளர்ந்து பைப் சுற்றுகிறது. மையத்துக்குப் போன் செய்தேன். ரெஜினா தன் அக்காவின் பிரசவத்துக்காகத் திண்டுக்கல் போயிருக்கிறாள். வர மாசி பாதியாகும். அதுவரை காலைப் போட வேண்டாம் என்றார்கள்.

"அதெல்லாம் ஆகாது" என்றாள் பாவாத்தாள். "அடி மறந்துபோயிரும். நீங்க மில்லுல இருந்தவருதானே, ஒரு போல்ட்டை இறுக்கமாட்டீங்களா?"

தை 25

முக்கு வண்டிப் பட்டறை ஜாபரிடம், வைத்த அளவு வந்ததும் கிளிக் என்கிற டார்க் ரெஞ்ச்சை இரவல் வாங்கி வந்தேன். பிடியில் எண்கள் கீறியிருக்கின்றன. பிடியைத் திருகி எண்ணைப் பத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜாபர், "வெச்சுத் தரட்டுமாங்க?" என்றான். வேண்டாம் என்றேன். ஒன்று, அப்புறம் பூஜ்ஜியம். நானே பார்த்து நானே வைத்தேன். இதற்காகத்தான் எழுத்துப் படித்தேனோ என்று இருந்தது.

பாவாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். போல்ட்டை முழுக்கக் கழற்றி, துணியில் துடைத்து, மரையில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டேன். காய்ந்தபடி ஏற்றக் கை வரவில்லை. பாதத்தை நேராக்கி மெல்லத் திருகினேன்.

கிளிக்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் எழுந்து, நின்ற இடத்தில் ஒரு திரும்பு திரும்பினாள். பாதம் கூடவே வந்தது.

மாசி 2

ரெஞ்ச்சை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இரவில் போல்ட் தளர்ந்திருந்தால் என்ன செய்வது? பாவாத்தாள் எழுவதற்கு முன்பே ஒரு சொட்டு, ஒரு கிளிக். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

மாசி 5

விடியலில் பனி. ஜன்னல் வெளியே எதுவும் இல்லை, வெள்ளை மட்டும். கட்டில் ஓரம் கால் நின்றது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கனமே இல்லை. அவள் ஆடுகிற மைதானம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது என்று தோன்றியது. கிளிக் வைத்தேன். நிம்மதியாக இருந்தது.

அவளிடம் இதை எல்லாம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மாசி 9

இன்று கிளிக் வரக் கொஞ்சம் நேரமானது. பனி காரணமாக இருக்கலாம்.

மாசி 11

கிளிக் வந்ததாகத்தான் நினைக்கிறேன். அதே நேரத்தில் பால்காரர் பெல் அடித்தார்.

மாசி 12

போல்ட் நிற்காமல் சுற்றுகிறது. பாகில் கரண்டி சுற்றுவதுபோல.

பாவாத்தாளிடம், இன்று கும்மி வேண்டாம், மழை வரும்போல இருக்கிறது என்றேன். அவள் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாசி மாசத்துல என்ன மழைங்க?" என்று கேட்டுவிட்டு, காலை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாசி 13

நேற்று திரும்பு அடியில் பாதம் முழுவதுமாகப் பின்பக்கம் போய்விட்டது. பாவாத்தாள் வட்டத்தின் நடுவில் விழுந்தாள். கை ஊன்றியதில் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. துளசிமணியும் இன்னும் இருவரும் தூக்கி வந்தார்கள்.

மணிக்கட்டில் எண்ணெய் தடவிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "இனி நான் போக முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

சுவரில் பல்லி ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி 18

ரெஜினா வந்துவிட்டாள். கிளாம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே மரை சுருள் சுருளாகப் பிய்ந்து வந்திருந்தது.

"எவ்வளவு வெச்சீங்கய்யா?"

"பத்துதான் அம்மணி. அட்டவணையில இருந்த பத்து."

"பத்துல இது போகாதே." விரலால் போல்ட்டைத் தொட்டாள். விரலையும் கட்டைவிரலையும் தேய்த்துப் பார்த்தாள். "எண்ணெய் போட்டீங்களா?"

"போடாம?"

அவள் விரலைத் துணியில் துடைத்தாள். பிறகு சொன்னாள். அட்டவணையில் இருக்கிற எண் காய்ந்த மரைக்கானது. நாம் போடுகிற முறுக்கில் பெரும்பகுதியை உரசல் தின்றுவிடும், கொஞ்சம்தான் போல்ட்டை நீட்டப் போகும். எண்ணெய் விட்டால் உரசல் குறையும். அதே பத்தில், அதே கிளிக்கில், போல்ட் மிக அதிகமாக நீளும். இரும்புப் போல்ட் தாங்கிக்கொண்டது. அலுமினிய மரை தாங்கவில்லை.

"ஒரு தடவைக்கு இவ்வளவு ஆகாதே. திரும்பத் திரும்ப இறுக்குனீங்களா?"

"தினமும்" என்றேன்.

"தினமுமா?" இதைக் கேட்டது ரெஜினா இல்லை. பாவாத்தாள். "எப்பங்க?"

"விடியால. நீ தூங்கறப்ப."

புதுக் கிளாம்ப் சென்னையிலிருந்து வர வேண்டும். உத்திரத்துக்குள் வருமா என்று நான் கேட்டதற்கு, எழுதிப் போட்டிருக்கிறேன், வந்தால் ஆச்சு என்றாள் ரெஜினா.

எண்ணெய் விட்டால் போல்ட் அதிகமாக நீளும். இது எனக்குப் புதிது. வெட்கமாக இருந்தது. ஆனால் அதை உடனே எழுதி வைக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தன.

மாசி 19

பாவாத்தாள் பேசவில்லை. தட்டை வைக்கும் சத்தம் மட்டும்.

மாசி 21

இன்று பேசினாள். நான் பயந்ததைப் பேசவில்லை. எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"உழுந்ததுகூட எனக்குக் கோவம் இல்லீங்க. தூங்கறப்ப எடுத்து எடுத்து முறுக்கியிருக்கறீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்குத்தான் புள்ள..."

"அது என்ற காலு."

"இல்லீன்னு சொன்னனா?"

"உங்க காலைத் தூங்கறப்ப ஆராச்சும் கழட்டி மடியில வெச்சுட்டு உக்காந்தா எப்படி இருக்கும்?"

மடியில் வைத்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என்றோ ஒரு விடியலில் அரைத் தூக்கத்தில் பார்த்திருப்பாள், முறுக்கியது மட்டும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் ரெஞ்ச்சை ஜாபரிடம் கொடுத்துவிட்டேன்.

மாசி 27

ஒன்றும் நடக்கவில்லை. மைதானத்தில் கும்மிப் பாட்டு. பாவாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து, பாட்டுக்குச் சரியாக, சுளுக்கிய கையால் மெதுவாகத் தட்டினாள். நான் எழுத்து எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

பங்குனி 5

கிளாம்ப் வந்துவிட்டது!

ரெஜினா பழைய போல்ட்டையும் மாற்றிவிட்டாள். புதியதைப் பொருத்தும்போது நான் கிட்டே போனேன். பாவாத்தாள், "நீங்க அக்கட்டால உக்காருங்க. அம்மணி, எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

ரெஜினா அவளுக்கு ஒரு சின்னச் சாவி கொடுத்தாள். கைப்பிடி சிவப்பு. அதில் எண்ணே இல்லை, பத்துக்கு மட்டும் வைத்துப் பூட்டியது. மரையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு, போல்ட்டை விரலாலேயே கடைசி வரை ஏற்றி, பிறகு சாவி. பாவாத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டு திருகினாள். கிளிக்.

"நிறுத்துங்க. இன்னொரு தடவை வேண்டாம். ஒரு கிளிக்தான்."

பிறகு ரெஜினா தன் பையிலிருந்து நகப் பாலீஷ் எடுத்து, போல்ட் தலையிலிருந்து கிளாம்ப் வரை ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம், தொடக் கூடாது. "புதுக் கிளாம்ப் கொஞ்சம் படிஞ்சு உக்காரும்மா. நல்லா ஆடுனதுக்கப்பறம் ஒரு தடவை தளர்ந்தாலும் தளரும். அப்ப மட்டும் ஒரு கிளிக். பயப்படாதீங்க."

கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பங்குனி 8

விட்டுப்போன அடிகளை வீட்டுக்கே வந்து துளசிமணி சொல்லிக் கொடுக்கிறாள். கூடத்தில் இருவரும் சுற்றுகிறார்கள். நான் சமையல்கட்டில் நின்று வெங்காயம் அரிந்தேன். தேவைக்கு மேல் அரிந்துவிட்டேன். இரவுக்கும் வெங்காயச் சட்னிதான்.

கால் காலையில் கட்டில் ஓரம் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போய் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

பங்குனி 16

நேற்று உத்திரம். அரங்கேற்றம். மெதுவாக எழுதுகிறேன், எதுவும் விடக் கூடாது.

பொழுது சாய்கிற நேரம். மைதானம் முழுவதும் தண்ணீர் தெளித்து மண் வாசம் வந்தது. மாம்பழ மஞ்சளில் அத்தனை பெண்கள். நிலா கோயில் விமானத்துக்குப் பின்னால் வெளுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்வரிசையில் பெஞ்சு கிடைத்தது. பம்பை அடித்ததும் வட்டம் நகர்ந்தது.

பாவாத்தாள் இந்தத் தடவை பிந்தவில்லை. குனிந்து தட்டினாள், நிமிர்ந்து தட்டினாள். கொண்டையில் வைத்த மல்லிகை அசைந்தது. மண்ணும் மஞ்சளும் பாட்டும் ஒன்றாகக் கலந்து, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்தது. மில்லில் பஞ்சுக்குள் நிற்பதுபோல இருந்தது, ஆனால் எல்லாம் நிறம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் எனக்கு முதலில் தெரியவில்லை. திரும்பு அடியில் அவள் முகம் மாறியது. கீழே பார்த்தேன். பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. கொஞ்சம்தான்.

அவள் விழவில்லை. கையை உயர்த்தித் துளசிமணிக்குக் காட்டிவிட்டு, வட்டத்தை விட்டு நாலடி விலகி வந்து, அத்தனை பேர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். சேலையை முழங்கால் வரை ஏற்றினாள். இடுப்பிலிருந்து சிவப்புச் சாவியை எடுத்தாள்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பெஞ்சைத் தாண்டப் போனேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அடுப்பில் பால் பொங்கும்போது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பார்வை பார்ப்பாளே, அது. பிறகு குனிந்து, பாதத்தை நேராக்கி, திருகினாள். கையை எடுத்தாள். இன்னொரு தடவை திருகவில்லை.

பம்பைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வட்டம் நிற்காமல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாவாத்தாள் இருந்த இடத்தை யாரும் மூடவில்லை. துளசிமணிக்குப் பின்னால் ஒரு ஆள் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியும் பெண்களோடு சேர்ந்து குனிந்து நிமிர்வதுபோல, மைதானத்தைச் சுற்றிப் போனது. கோயில் பக்கம் போனது, வேப்பமரத்தின் பக்கம் போனது, திரும்பி வந்தது. பாவாத்தாள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, கைகளை உயர்த்திக் காத்திருந்தாள். அது அவளிடம் வந்து சேர்ந்ததும் உள்ளே ஒரு அடி வைத்தாள். அடுத்த தட்டில் அவள் கையும் சேர்ந்து விழுந்தது.

அடுத்து திரும்பு அடி வந்தது. திரும்பினாள்.

நான் பாதி எழுந்தவாறே, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு ஆள் என் தோளைத் தட்டினார்.

"உக்காருங்க பெரியவரே. மறைக்குது."

உட்கார்ந்தேன்.